நாலு கால் விருந்தாளி

கண்ணமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே தறி. கணவர் பட்டு நெய்கிறார். மாமியார் தார் சுற்றித் தருகிறார். இரண்டு பெண்களும் ஒரு பையனும் பள்ளிக்கூடம் போகிறார்கள். மழை பெய்த ஒரு நாள் சாயங்காலம் பையன் எதையோ சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தானாம். "என்னடா அது?" என்று கேட்டதற்குப் பையன் பதில் சொல்லவில்லை, சட்டை குரைத்ததாம்!

ரயிலடிப் பக்கம் நனைந்துகொண்டிருந்த நாய்க்குட்டி அது. அன்று முதல் வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. "பாவைக் கடித்துக் குதறினால் யார் ஈடு கட்டுவது?" என்று மாமியார் எதிர்க்கட்சித் தலைவராகிவிட்டார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அதாவது, சம்மதம். குழந்தைகளோ, குட்டி போனால் நாங்களும் சாப்பிடமாட்டோம் என்று சத்தியாக்கிரகம். "எனக்கு நாயைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாது. வளர்க்கலாமா? வளர்த்தால் என்னென்ன செய்ய வேண்டும்?" என்று அந்தச் சகோதரி கேட்கிறார்.

தாராளமாக வளர்க்கலாம். ஆனால் அவருடைய கடிதத்தின் மூன்றாம் பக்கத்து மூலையில், போகிற போக்கில் எழுதியது போல ஒரு வரி இருந்தது. குட்டி விளையாட்டாகப் பையனின் சுண்டுவிரலைக் கவ்வியதில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது, மஞ்சள் பற்றுப் போட்டோம், ஆறிவிட்டது, பால் மணம் மாறாத குட்டிதானே!

அந்த வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். கடிதத்தில் தொலைபேசி எண் இருந்தது நல்லதாயிற்று. உடனே கூப்பிட்டு, "அம்மா, நாய் வளர்ப்பு அப்புறம் இருக்கட்டும். பையனை இன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்" என்றோம். அன்றே போனார்கள். முதல் ஊசி போட்டாயிற்று. மற்றக் கேள்விகளுக்கு இங்கே ஆற அமரப் பதில் எழுதுவதில் தடையில்லை. ஆனால் "குட்டிதானே" என்கிற அந்த வார்த்தை கண்ணமங்கலத்துக்கு மட்டும் சொந்தமன்று. மயிலாப்பூரிலும் மதுரையிலும் அதைக் கேட்டிருக்கிறோம். ஆகவே முதலில் அதைத் தீர்த்துவிடுவோம்.

'ரேபிஸ்' என்று டாக்டர்கள் சொல்லும் வெறிநாய் நோய்க்கு நாயின் வயது ஒரு பொருட்டல்ல. தாய் நாய்க்கோ தெருவில் சுற்றும் வேறு நாய்க்கோ அந்த நோய் இருந்து, அது குட்டியைக் கடித்திருந்தால், குட்டிக்கும் வரும். அதன் எச்சிலில் விஷக் கிருமி இருக்கும். அந்த எச்சில் ரத்தக் காயத்தின் வழியே போகலாம். நகக் கீறலின் வழியே போகலாம். ஏற்கெனவே இருக்கும் சிராய்ப்பைக் குட்டி பிரியமாக நக்கினாலும் போகலாம். போன கிருமி நரம்பு வழியே மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. இதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும்; ஒரு வாரத்திலும் நேரலாம், ஒரு வருஷமும் ஆகலாம். மூளையைத் தொட்டு, தண்ணீரைக் கண்டு பயப்படும் நிலை வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், கடிபட்டவுடனே, முறையாக ஊசி போட்டுக்கொண்டவர்களைக் காப்பாற்றிவிடலாம். இவ்வளவு கொடுமையும் இவ்வளவு சுலபமும் சேர்ந்திருக்கிற வியாதி வேறொன்று நமக்குத் தெரிந்து இல்லை. ஆண்டுதோறும் உலகத்தில் சுமார் 59,000 பேர் இந்நோயால் மடிகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. மனிதருக்கு வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாயினால் வருவதுதான். சந்தேகத்துக்குரிய பிராணியிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயது நிரம்பாத குழந்தைகள். குழந்தைகள்தாம் நாயைத் தேடிப் போகிறவர்கள். கடித்ததை அம்மாவிடம் சொல்லாமல் மறைக்கிறவர்களும் அவர்களே.

கடித்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. குழாயைத் திறந்துவிட்டு, சோப்பைக் குழைத்துக் குழைத்துப் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவ வேண்டும். பதினைந்து நிமிஷம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளமானது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி எதுவும் வேண்டாம். கட்டுப் போடவும் வேண்டாம். பிறகு நேரே ஆஸ்பத்திரி. ஊசிக்கு முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று கெடு உண்டு. கடைசித் தவணை இருபத்தெட்டாம் நாள். ரத்தம் வந்த காயமானால் அந்த இடத்திலேயே போடும் எதிர்ப்பு மருந்து வேறு உண்டு. அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடித்து மூன்று வாரம் ஆகிவிட்டதே, இனிமேல் எதற்கு என்று இருந்துவிடக் கூடாது. தாமதமாகப் போவதும் போகாமலிருப்பதும் ஒன்றல்ல.

"தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி" என்று வீட்டுப் பாட்டிகள் பயப்படுவார்கள். அவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு. 1911-இல் காசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் செய்த மருந்து அது; ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. வயிற்றில் நாள் தவறாமல் போட்டார்கள். வலியும் உண்டு, சிலருக்கு நரம்புக் கோளாறும் வந்தது. 2004 முடிவோடு இந்தியாவில் அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இன்றைய ஊசி கையிலே போடுவது. அம்மை ஊசிக்கு அழுத குழந்தைகூட இதற்கு அவ்வளவு அழாது. தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காசும் இல்லை.

ஒரு காலத்தில் தெற்கே இருந்தவர்களுக்கு இந்த வைத்தியமே கிடையாது. பாரிஸில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்தது 1885 ஜூலை 6-ஆம் தேதி. இந்தியாவில் 1900-இல் இமயமலை அடிவாரத்துக் காசௌலியில் ஒரு நிலையம் ஏற்பட்டது. நம் பக்கத்தில் ஒருவரை நாய் கடித்தால் அங்கே போய்ச் சேர வேண்டும்! 1902-ஆம் வருஷம் மே மாதம் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய் நோயால் இறந்து போனார். தென்னிந்தியாவில் இதற்கு வைத்தியம் இல்லையே என்ற குறை அதற்குப் பிறகுதான் பலமாக எழுந்தது. அமெரிக்கத் தனவந்தர் ஹென்றி பிப்ஸ் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து, 1907 ஏப்ரல் 6-ஆம் தேதி குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. ஊட்டிக்குப் போகிறவர்கள் குன்னூரில் சிம்ஸ் பூங்காவைப் பார்க்காமல் வருவதில்லை. பக்கத்திலேயே இருக்கும் அந்தக் கட்டடத்தையும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். எத்தனை வீட்டுப் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுத்த இடம்!

சரி, பையனுக்கு ஊசி போட்டாயிற்று. இனி குட்டிக்குப் போட வேண்டும். நாய் வளர்ப்பில் மற்ற எதைத் தள்ளிப் போட்டாலும் போடலாம், இதைத் தள்ளிப் போடக் கூடாது. காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பிறந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. இது 'பார்வோ', 'டிஸ்டெம்பர்' என்ற இரண்டு கொள்ளை நோய்களுக்கு. மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தரம் மறுபடியும், நாலு மாதம் முடிகிற வரையில். மூன்றாவது மாதத்தில் வெறிநாய் நோய்க்கான ஊசி. வைத்தியர் சொல்லும் தேதியில் இன்னொன்று. அப்புறம் வருஷம் ஒன்று. செப்டம்பர் 28-ஆம் தேதி வெறிநாய் நோய்த் தடுப்பு தினம். பாஸ்டர் காலமான நாள் அது. அதையொட்டிப் பல ஊர்களில் கால்நடைத் துறையினர் இலவச முகாம் நடத்துகிறார்கள். கால்நடை மருந்தகம் என்றால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுந்தான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாயை எடுத்துக்கொண்டு போனால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பார்வோ என்பது 1978-இல்தான் உலகத்துக்குத் தெரியவந்த நோய். ஆனால் அதற்குள் எத்தனை வீட்டுக் குழந்தைகளை அழவைத்திருக்கிறது! நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்த குட்டி வாந்தி எடுக்கும், ரத்தமாகப் பேதியாகும், இரண்டு மூன்று நாளில் துவண்டுவிடும். அந்தக் கிருமி மண்ணிலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே ஊசிகள் முடிகிற வரை, ஊர் நாய்கள் அசுத்தம் செய்கிற இடத்தில் குட்டியை இறக்கிவிடாதீர்கள். அதற்காக அறையில் அடைத்து வைப்பதும் பிசகு. மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பார்த்ததும் கேட்டதும்தான் நாய்க்கு உலகம். அந்த வயதில் சைக்கிள் மணியையும் தலையில் கூடை வைத்த பெண்மணியையும் தொப்பி போட்ட தபால்காரரையும் பார்க்காத நாய், பெரிதானதும் அவர்களையெல்லாம் விரோதிகள் என்றே முடிவு கட்டிவிடும். இடுப்பில் எடுத்துக்கொண்டு தெருவைக் காட்டுங்கள். இந்த விஷயத்தில் கண்ணமங்கலத்துக் குட்டிக்கு ஓர் அதிர்ஷ்டம். தறிச் சத்தத்திலே தூங்கிப் பழகிவிட்டால் தீபாவளி வெடியைத் தவிர வேறெதற்கும் அது அசையாது.

குடற்பூச்சி மருந்தையும் மறந்துவிடக் கூடாது. குட்டிகளுக்குத் தாய் வயிற்றிலிருந்தே பூச்சி வந்துவிடுகிறது. பதினைந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாக மருந்து கொடுக்க வேண்டும். மூன்று மாதம் ஆன பின் மாதம் ஒரு தடவை; ஆறு மாதத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை போல இருந்தால், "நன்றாகச் சாப்பிடுகிறது" என்று சந்தோஷப்படாதீர்கள்; அது பூச்சி. அந்தப் பூச்சியின் முட்டை மண்ணோடு குழந்தையின் வாய்க்குள் போனால் குழந்தைக்கும் தொல்லை, கண்ணைக்கூடப் பாதிப்பதுண்டு. நாயோடு விளையாடிவிட்டுக் கை கழுவாமல் தட்டில் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டுவிடுங்கள்.

இப்போது ஆகாரம். "நாங்கள் சாப்பிடுவதையே போடலாமா?" என்று கேட்கிறார் சகோதரி. பாதி சாப்பாட்டைப் போடலாம்; மீதிப் பாதி ஆபத்து. எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

சோறு, கேழ்வரகுக் கஞ்சி, வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்த கோழி, காரட், பூசணி, புளிக்காத தயிர் எல்லாம் நல்லவை. உப்பும் காரமும் போடாமல் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். வெறும் தயிர் சாதத்திலேயே நாயை வளர்த்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. வயிறு நிரம்பும், தசை பிடிக்காது. முட்டையும் சேராத வீடானால், கடையில் விற்கும் முழுச் சத்துள்ள நாய்த் தீனியைக் கொஞ்சம் கலந்துகொள்வதே மேல். நாய் பூனையைப் போல அல்ல. சரியான அளவில் சத்துக்கள் அமைந்தால் சைவமாகவும் வாழும். மூன்று மாதம் வரை நாளைக்கு நாலு வேளை. ஆறு மாதம் வரை மூன்று வேளை. பிறகு காலையும் மாலையும் போதும். பசும்பால் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது. தண்ணீர்ப் பாத்திரம் மாத்திரம் எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும்.

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பச்சையாக இருந்தாலும் வதக்கினாலும் சாம்பாரில் வெந்தாலும் தீங்கு தீங்குதான். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்தை வழித்துப் போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். திராட்சையில் அப்படி என்ன இருக்கிறது என்று வெகு காலம் ஆராய்ந்து, அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று 2022-இல் அமெரிக்கக் கால்நடை வைத்தியர்கள் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். அந்தச் சந்தேகம் வலுப்பட உதவியது எது தெரியுமா? நம்முடைய புளி! புளி தின்ற நாய்க்கும் சிறுநீரகம் அதே மாதிரி கெட்டிருந்தது. புளியில் அந்த அமிலம் ஏராளம் அல்லவா? தெருவில் குழம்புச் சோறு தின்றே வளர்ந்த நாய்கள் எத்தனையோ இருக்கின்றன. ஒரு நாள் ஒரு கரண்டி ரசம் விழுந்துவிட்டதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் தெரிந்த பிறகு தினமும் புளிக்குழம்பைப் பிசைந்து போடுவானேன்? சாக்லேட், 'சர்க்கரை இல்லாதது' என்று விற்கும் மிட்டாய், வெந்த கோழி எலும்பு, தலைவலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரை ஆகிய நாலையும் நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வெந்த எலும்பு ஊசி போல உடைந்து குடலைக் குத்தும். நாய்க்கு எலும்பு என்று சினிமாக்காரர்களும் சித்திரக்காரர்களும் நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்!

மாமியாருடைய ஆட்சேபத்துக்கு வருகிறோம். அவர் பாவுக்குப் பயப்படுகிறார். நாம் குட்டிக்குப் பயப்படுகிறோம். பட்டு நூல் குட்டியின் வாய்க்குப் போனால் பெரிய ஆபத்து. சின்னத் துண்டு ஒன்று தானாக வெளியே வந்துவிடலாம். நீளமான நூல் போனாலோ, ஒரு முனை நாக்கின் அடியிலோ வயிற்றிலோ மாட்டிக்கொள்ளும். குடல் நகர நகர, பாவாடை நாடாவில் துணி சுருங்குகிற மாதிரி குடல் நூலிலே சுருங்கிப் போய்விடும். கடைசியில் நூல் குடலை அறுத்துவிடும். குட்டி வாந்தி எடுத்துச் சாப்பிடாமல் கிடந்தால், வாயைத் திறந்து நாக்கின் அடியைப் பாருங்கள். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் ஒருபோதும் இழுக்காதீர்கள். இழுத்தால் உள்ளே கிழிந்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓட வேண்டும். தையல் இயந்திரம் இருக்கிற பட்டணத்து வீடுகளுக்கும் இதே எச்சரிக்கைதான். அங்கே நூலோடு ஊசியும் சேர்ந்து போகும்.

ஆகவே மாமியார் சொல்வதே சரி, ஆனால் பாதிதான். குட்டிக்குத் தறியறையில் இடமில்லை என்று முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். வாசற்படியில் குறுக்கே ஒரு பலகை. தார்க் கூடையும் அறுந்த இழைகளும் தரையில் கிடக்கக் கூடாது. தறிக்குழியில் குட்டி விழுந்துவிடவும் கூடும். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் நாலு முதல் ஆறு மாதம் வரை எதையாவது கடித்தே தீரும். அதற்கென்று பழைய துணியில் முடிச்சுப் போட்டு நனைத்துக் கொடுத்தால் பாவின் மீது கண் போகாது. நூல் பிரியாத கெட்டித் துணியாகப் பாருங்கள்.

"அப்படியானால் திண்ணைத் தூணில் கட்டிப் போட்டுவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். நாள் முழுவதும் கட்டிப் போட்ட நாய்தான் கடிக்கிற நாயாகிறது. இது அன்பு விஷயம் மாத்திரம் அல்ல, சட்ட விஷயமுங்கூட. 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகளை வதைப்பதைத் தடுக்கத் தனி அங்கத்தினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அவரைப் பரத நாட்டியத்துக்காகவும் கலாக்ஷேத்திரத்துக்காகவும் அறிந்தவர்கள் பலர். இதற்காக அறிந்தவர்கள் குறைவு. அரசாங்கமே இதற்குச் சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்னபிறகு மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் ஏற்பட்ட பிராணி நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்தச் சட்டத்தின் பதினொன்றாவது பிரிவில், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் பிராணியைக் கட்டி வைப்பது குற்றம் என்றிருக்கிறது. இன்னொரு வாக்கியம் நாய்க்காகவே எழுதப்பட்டது: வழக்கமாகக் கட்டி வைக்கும் நாயை உலாவ விடாமல் இருப்பதும் குற்றமே. பெரிய பெரிய சட்டங்களுக்கு நடுவே, நாய்க்குக் காலாற நடக்கும் உரிமையை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதில் நமக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

காலையில் அரை மணி, மாலையில் அரை மணி உலாவல் போதும். யார் அழைத்துப் போவது என்பதைக் குட்டி வருகிற அன்றே முடிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழந்தைகளின் உற்சாகம் ஒரு மாதத்தில் வடிந்து, சமையல், தண்ணீர், துணி இவற்றோடு நாயும் அம்மா தலையில் வந்து விழும். அந்தச் சத்தியாக்கிரகிகளிடம் இப்போதே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். தரையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். எச்சில் ஒழுக, தள்ளாடி இரைத்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ப் பச்சைத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிற வேண்டும்.

இங்கே பட்டணத்து நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பனிப் பிரதேசத்து நாயை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, பங்குனி மாதத்தில் அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. நம் ஊர் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் இந்த வெயிலிலே பிறந்தவை. ராஜபாளையத்துக்கு 2005 ஜனவரி 9-இல் தபால் தலையே வெளியிட்டார்கள். ஆனால் அவை ஓடுவதற்கும் வேட்டைக்கும் பிறந்தவை. மாடிக் குடித்தனத்துக்குள் அடைத்தால் அவற்றுக்கும் நரகம். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி வாங்கும்போது அதன் முதுகுப் பக்கம் நின்று கை தட்டிப் பாருங்கள். சின்ன வீட்டுக்கு ரயிலடிக் குட்டியே உத்தமம் என்பது நமது அபிப்பிராயம்.

குளியல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். நம் ஷாம்பு அதன் தோலுக்கு ஆகாது. உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுகிற வழக்கம் கூடவே கூடாது. தோல் வெந்துவிடும், நக்கினால் உள்ளேயும் போகும். காதுமடல், கால்விரல் இடுக்கு இரண்டையும் தினம் பாருங்கள். உண்ணி கடித்த சில நாளில் காய்ச்சலடித்து ஈறு வெளுத்தால் அது ரத்தத்தில் வந்த நோய். வைத்தியரிடம் காட்டுவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அசுத்தம் செய்வதற்காக அடிக்காதீர்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் வெளியே கொண்டுபோய் ஒரே இடத்தில் விட்டு, காரியம் ஆனதும் தட்டிக் கொடுங்கள். சில வாரத்தில் தானே வாசலுக்கு ஓடும். சாப்பிடுகிற நாயையும் தூங்குகிற நாயையும் குழந்தைகள் தொடக் கூடாது, வீட்டு நாயானாலும் சரி.

கடைசியாக, "பெட்டையாக இருக்கிறதே!" என்று சகோதரி கவலைப்படுகிறார். அந்தக் கவலையால்தான் அது ரயிலடியில் கிடந்தது. ஆண் குட்டிகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, பெட்டைகளைச் சாக்கில் போட்டு ஊர்க்கோடியில் விட்டுவிட்டு வருவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். நாய் விஷயத்திலுமா இந்த வித்தியாசம்! பெட்டை நாய் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பருவமடையும். கருவுற்றால் சுமார் 63 நாளில் ஈன்றுவிடும். அதைத் தடுக்கக் கருத்தடை ஆபரேஷன் இருக்கிறது. சென்னை மாநகராட்சி தெரு நாய்களைக் கொல்வதை விட்டு 1996-இல் இந்த வழிக்கு வந்தது. 1959-இல் சென்னையிலே தொடங்கிய புளூ கிராஸ் சங்கம் அதற்காகப் பல வருஷம் வாதாடியது. வீட்டு நாய்க்கும் இது நல்லது. வயதான பெட்டைகளுக்குக் கர்ப்பப்பையில் சீழ் வைக்கும் நோய் வராது, முலைக்கட்டியும் குறையும்.

எந்த மாதத்தில் செய்வது என்று கால்நடை வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று காலையில் ஆகாரம் கொடுக்கக் கூடாது. சாயங்காலமே பெரும்பாலும் வீட்டுக்கு வந்துவிடும். தையலை நக்காமல் பத்து நாள் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பனியன் ஒன்றைக் கால்களை நுழைத்துப் போட்டுவிட்டு முதுகுப் பக்கம் முடிச்சிட்டால் போதும். பையனுடைய பனியனே அளவாக இருக்கும்.